திடலும் ஏடும்

நுழையும் முன்

மாலைப்பொழுதில் கடற்கரை மணலிலும் கோயில் திடலிலும் பள்ளி முற்றத்திலும் சிறுவர்கள் பந்தை உதைத்து விளையாடுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அந்த விளையாட்டு மாலையோடு முடிந்துவிடுகிறது. யார் வென்றார், யார் கோல் அடித்தார் என்பதை மறுநாள் எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை. அதே ஆட்டம் மாவட்டத் தொடரில் ஆடப்படும்போது ஏட்டில் ஏறுகிறது. ஆண்டுகள் கழிந்தாலும் நிற்கிறது. இந்த மாற்றத்தை நிகழ்த்துவது கால்பந்துச் சங்கம். அதன் பணி எத்தகையது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஒரே கடற்கரை, இரண்டு சங்கங்கள்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில் பொழியூர் என்னும் கடற்கரை ஊர் அமைந்துள்ளது. அதனை அடுத்துத் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டம் தொடங்குகிறது. நீரோடி முதலிய மீனவர் ஊர்கள் அங்கே வரிசையாக உள்ளன. எல்லையின் இருபுறத்தாரும் ஒரே கடலில் வலை வீசுகின்றனர். தமிழும் மலையாளமும் இரு பக்கங்களிலும் கலந்து ஒலிக்கின்றன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமையும் வரை இவ்விரு பகுதிகளும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. கால்பந்தின் மீதுள்ள பற்றும் இரு பக்கத்தாருக்கும் பொதுவானதே.

ஆயினும் கால்பந்து ஆட்சிமுறையில் இவ்வூர்கள் வேறு வேறு. பொழியூரில் ஒரு கழகம் அமைந்தால் அது திருவனந்தபுரம் மாவட்டக் கால்பந்துச் சங்கத்தின் வழியாகக் கேரளக் கால்பந்துச் சங்கத்தைச் சாரும். நீரோடியில் அமையும் கழகம் கன்னியாகுமரி மாவட்டச் சங்கத்தின் வழியாகத் தமிழ்நாடு கால்பந்துச் சங்கத்தைச் சாரும். கரையோரமாக உருண்டு செல்லும் பந்து எல்லையை எளிதில் கடந்துவிடும். ஆனால், பதிவுபெற்ற வீரர் ஒருவர் அடுத்த ஊர்க் கழகத்துக்காக ஆட விரும்பினால், மாநிலம் விட்டு மாநிலம் மாறுவதற்குரிய பதிவு மாற்றம் முறைப்படி நடைபெற்றாக வேண்டும்.

நடந்தே செல்லக்கூடிய தொலைவுக்கு இத்தனை விதிகள் எதற்கு என்று தோன்றலாம். அதற்கு விடை காண, சங்கங்களின் அடுக்குமுறையை முதலில் அறிய வேண்டும்.

அடுக்கடுக்கான ஆட்சி

உலகக் கால்பந்தின் தலைமை அமைப்பாகிய ஃபிஃபா 1904-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் தோன்றியது. ஆசிய நாடுகளுக்குரிய கூட்டமைப்பு 1954-ஆம் ஆண்டு உருவானது. இந்திய அளவில் அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 1937-ஆம் ஆண்டு முதல் செயல்படுகிறது. அதன் கீழ் மாநிலச் சங்கங்கள் உள்ளன. கேரளக் கால்பந்துச் சங்கம் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டது. அதன் கீழ் 14 மாவட்டங்களுக்கும் மாவட்டச் சங்கங்கள் இயங்குகின்றன. மாவட்டச் சங்கத்தின் கீழ் ஊர்க் கழகங்களும், அரசுத்துறை அணிகளும், நிறுவன அணிகளும் இடம்பெறுகின்றன.

மரத்தின் உச்சியை நோக்குவோர் வேரை மறந்துவிடுவதுண்டு. உலகக்கோப்பையை நடத்துவது ஃபிஃபா என்பதைப் பலரும் அறிவர். ஆனால், ஓர் ஊர்க் கழகத்தின் விண்ணப்பத்தைப் பெற்று, அதன் வீரர்களைப் பதிவு செய்து, ஆடுவதற்குத் திடலும் நாளும் நடுவரும் அமைத்துத் தருவது மாவட்டச் சங்கமே. ஒரு வீரர் தம் வாழ்வில் முதலில் காணும் கால்பந்து ஆட்சி அதுதான்.

பெயர் பதிவு

சங்கத்தின் முதற்பணி பதிவு. ஒரு கழகம் தொடரில் ஆட வேண்டுமெனில் மாவட்டச் சங்கத்தில் இணைப்புப் பெற வேண்டும். உரிய கட்டணம் செலுத்த வேண்டும். பின்னர்த் தன் வீரர்களின் பட்டியலை அளிக்க வேண்டும். முன்பு இப்பட்டியல்கள் தாளில் எழுதப்பட்டு அலுவலக அலமாரிகளில் இருந்தன. இப்போது அனைத்திந்தியக் கூட்டமைப்பின் மையப் பதிவு அமைப்பில் இணையவழியாக ஏற்றப்படுகின்றன.

பதிவுக்குப் பிறப்புச் சான்று, ஒளிப்படம், அடையாளச் சான்று ஆகியவை தேவை. இங்கேதான் பல இளம் வீரர்கள் முதல் தடையைச் சந்திக்கின்றனர். பிறப்புச் சான்றில் ஒருவாறும் பள்ளிச் சான்றில் வேறொருவாறும் பெயர் எழுதப்பட்டிருந்தால் பதிவு தாமதமாகும். தமிழில் ஒரு முறையாகவும் மலையாளத்தில் மற்றொரு முறையாகவும் ஆங்கிலத்தில் மூன்றாவது முறையாகவும் எழுதப்படும் எல்லையோரப் பெயர்களுக்கு இத்தொல்லை மிகுதி. ஓர் எழுத்தின் பிழையால் ஒரு பருவமே கைநழுவிப் போகலாம். ஆகவே, சான்றிதழ்களில் பெயரையும் பிறந்த நாளையும் சரிபார்த்துக் கொள்வது காலணிகளைச் சரிபார்ப்பதைப் போன்றே இன்றியமையாதது.

பதிவினால் இரு நன்மைகள் விளைகின்றன. முதலாவது, ஒரே வீரர் இரண்டு கழகங்களுக்காக ஆடுவது தடுக்கப்படுகிறது. வலிமையான அணியொன்று இறுதி ஆட்டத்துக்கு மட்டும் வெளியூர் வீரர்களை அழைத்து வந்து, ஆண்டு முழுவதும் உழைத்த சிற்றூர் அணியை வீழ்த்திவிட முடியாது. இரண்டாவது, வயதுப்பிரிவுப் போட்டிகளில் மூத்தோர் நுழைவது தடுக்கப்படுகிறது. பதினைந்து வயதுச் சிறுவனை இருபது வயது இளைஞன் எதிர்கொள்வது ஆட்ட நேர்மைக்கும் உடல்நலனுக்கும் கேடாகும். எல்லை கடக்கும் வீரருக்கும் பதிவு மாற்றம் வேண்டும் என்னும் விதியின் காரணம் இதுவே.

தொடர்முறையும் வெளியேற்றுமுறையும்

போட்டிகளை நடத்துவதற்கு இரண்டு முறைகள் உண்டு. தோற்ற அணி உடனே விலகுவது வெளியேற்றுமுறை. ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளுடனும் ஆடுவது தொடர்முறை. இதனையே லீக் என்கிறோம். 1888-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் 12 கழகங்கள் இணைந்து உலகின் முதல் கால்பந்து லீக்கைத் தொடங்கின. 1898-ஆம் ஆண்டு கல்கத்தாவில் தொடங்கிய லீக், ஆசியாவின் மிகப் பழைமையான லீக் ஆகும்.

எட்டு அணிகள் வெளியேற்றுமுறையில் ஆடினால் ஏழே ஆட்டங்களில் போட்டி முடிந்துவிடும். செலவு குறைவு; பரபரப்பு மிகுதி. ஆனால், நான்கு அணிகள் ஒரே ஓர் ஆட்டத்துடன் வீடு திரும்பும். அதே எட்டு அணிகள் தொடர்முறையில் ஒருமுறை ஆடினால் 28 ஆட்டங்கள் நடைபெறும். ஒவ்வோர் அணிக்கும் ஏழு ஆட்டங்கள் உறுதி. ஊர்த் திருவிழாவை ஒட்டிய போட்டிகள் பெரும்பாலும் வெளியேற்றுமுறையில் நடைபெறுவதற்கும், சங்கம் தொடர்முறையை வற்புறுத்துவதற்கும் இதுவே காரணம்.

நான்கு அணிகள் மட்டும் உள்ள ஒரு சிறு தொடரை எண்ணிப் பார்ப்போம். அ, ஆ, இ, ஈ என்பன அணிகள். முதல் சுற்றில் அ அணி ஈ அணியிடம் 0–1 எனத் தோற்கிறது. ஆ அணி இ அணியை 2–1 என வெல்கிறது. இரண்டாம் சுற்றில் அ அணி இ அணியை 2–0 என வெல்கிறது; ஆ அணியும் ஈ அணியும் 1–1 எனச் சமன் செய்கின்றன. மூன்றாம் சுற்றில் அ அணி ஆ அணியை 1–0 என வெல்கிறது. இ அணி ஈ அணியை 3–1 என வெல்கிறது.

வெற்றிக்கு 3 புள்ளிகள், சமனுக்கு 1 புள்ளி, தோல்விக்குப் புள்ளியில்லை. இதன்படி அ அணி 6 புள்ளிகளுடன் முதலிடம் பெறுகிறது. ஆ, ஈ ஆகிய இரு அணிகளும் 4 புள்ளிகள் பெறுகின்றன. இ அணிக்கு 3 புள்ளிகள். புள்ளிகள் சமமாகும்போது, அடித்த கோல்களுக்கும் வாங்கிய கோல்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு இடம் முடிவு செய்வது ஒரு வழக்கம். ஆ அணி 3 கோல் அடித்து 3 கோல் வாங்கியது, வேறுபாடு சுழி. ஈ அணி 3 கோல் அடித்து 4 கோல் வாங்கியது. வேறுபாடு ஒன்று குறைவு. எனவே, இரண்டாம் இடம் ஆ அணிக்குரியது.

முதல் ஆட்டத்திலேயே தோற்ற அ அணி, வெளியேற்றுமுறையில் அன்றே விலகியிருக்கும். தொடர்முறை அதற்கு மீண்டெழும் வாய்ப்பை அளித்தது. வளரும் வீரருக்கு வேண்டுவது இவ்வாய்ப்பே. ஒரு நாள் தடுமாறியவர் அடுத்த வாரம் தம்மைத் திருத்திக் கொள்ளலாம். தேர்வாளர்களும் ஒரே ஓர் ஆட்டத்தை மட்டும் கண்டு முடிவு செய்யாமல், ஒரு பருவம் முழுவதும் அவரது ஆட்டத்தை அளந்தறியலாம்.

அட்டவணையும் திடலும்

ஆட்டங்கள் மிகுந்தால் சங்கத்தின் சுமையும் மிகும். 28 ஆட்டங்களுக்கு 28 முறை திடல் வேண்டும்; 28 முறை நடுவர் குழு வேண்டும். திருவனந்தபுரத்தில் பாளையம் பகுதியிலுள்ள சந்திரசேகரன் நாயர் விளையாட்டரங்கு, பல்கலைக்கழக விளையாட்டரங்கு போன்றவற்றைக் கால்பந்து மட்டுமன்றித் தடகளமும் பிற நிகழ்ச்சிகளும் பகிர்ந்துகொள்கின்றன. திடல் கிடைக்கும் நாளுக்கேற்ப அட்டவணையை அமைக்க வேண்டியுள்ளது.

வானிலையும் கருதத்தக்கது. ஜூன் மாதத் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை கேரளத்தை அடைகிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. இவற்றுக்கிடையே தேர்வுக்காலமும் திருவிழாக் காலமும் வருகின்றன. கடற்கரை ஊர்களின் வீரர்களுள் சிலர் விடியற்காலையில் கடலுக்குச் சென்று திரும்புவோர். நெய்யாற்றங்கரைக்கு அப்பாலிருந்து நகருக்கு வரும் அணிக்குப் பேருந்துச் செலவும் உணவுச் செலவும் உண்டு. குறித்த நேரத்தில் ஓர் அணி திடலுக்கு வராவிடில், எதிரணிக்கு 3–0 என வெற்றி வழங்குவது பொதுவான வழக்கம். பேருந்தைத் தவறவிட்ட அணிக்கு இது கடுமையாகத் தோன்றலாம். எனினும் காத்திருக்கும் எதிரணியும் அவ்வாறே செலவு செய்து வந்ததன்றோ? ஒருவரது இடரைக் கருதி மற்றவரது உரிமையைப் பறிக்க இயலாது. இவ்விரண்டையும் சீர்தூக்கி முடிவெடுப்பதே சங்கத்தின் கடமை.

நடுவரின் அறிக்கை

கால்பந்தின் விதிகள் மொத்தம் 17. அவற்றை வகுக்கும் பன்னாட்டு வாரியம் 1886-ஆம் ஆண்டு தோன்றியது. உலகக்கோப்பைக்கும் ஊர்த் தொடருக்கும் அடிப்படை விதிகள் ஒன்றே. அவற்றைத் திடலில் நடைமுறைப்படுத்துபவர் நடுவர். அவருக்கு இரு துணை நடுவர்கள் உதவுகின்றனர்.

ஆட்டம் முடிந்ததும் நடுவரின் பணி முடிந்துவிடுவதில்லை. அவர் ஓர் அறிக்கை எழுதுகிறார். ஆடியவர் பெயர், கோல் அடித்தவர், அடித்த நிமிடம், மஞ்சள் அட்டை பெற்றவர், சிவப்பு அட்டை பெற்றவர் ஆகிய யாவும் அதில் இடம்பெறும். சிவப்பு அட்டை பெற்றவர் அடுத்த ஆட்டத்தில் ஆட இயலாது. முடிவில் குறை காணும் கழகம், குறித்த காலத்துக்குள் எழுத்துவழி முறையிடலாம். ஒழுங்கு நடவடிக்கைக் குழு, நடுவரின் அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு ஆராயும். பார்வையாளர்களின் கூச்சல் அங்கே செல்லாது, எழுதப்பட்டதே செல்லும்.

பிரிவுகளும் உயர்வும்

மாவட்டத்திலுள்ள எல்லாக் கழகங்களையும் ஒரே தொடரில் ஆடச் செய்ய இயலாது. எனவே, அவை வலிமைக்கேற்பப் பல பிரிவுகளாகப் பகுக்கப்படுகின்றன. கீழ்ப்பிரிவில் முன்னிலை பெறும் அணி அடுத்த பருவத்தில் மேற்பிரிவுக்கு உயர்கிறது. மேற்பிரிவில் பின்தங்கிய அணி கீழிறங்குகிறது. ஆகவே, கடைசி இடத்திலுள்ள அணிக்கும் இறுதி நாள் வரை ஆட்டத்தில் பொருள் உண்டு.

மாவட்டத்துக்கு மேல் மாநிலத் தொடர் உள்ளது. கேரள பிரீமியர் லீக் 2013-14 பருவத்தில் தொடங்கியது. 2024-ஆம் ஆண்டு ஆறு அணிகளுடன் சூப்பர் லீக் கேரளா தொடங்கியது. திருவனந்தபுரம் கொம்பன்ஸ் அவற்றுள் ஒன்று. மாநிலத் தொடர்களில் சிறந்து விளங்கும் கழகங்கள் தேசியப் படிநிலையில் நுழைவதற்காக 2023-ஆம் ஆண்டு ஐ-லீக் மூன்றாம் பிரிவு ஏற்படுத்தப்பட்டது. மாவட்ட அணிகள் தமக்குள் மோதும் மாநிலப் போட்டியும் தனியே நடைபெறுகிறது. இவற்றில் ஒளிரும் வீரர்கள் சந்தோஷ் கோப்பைக்கான மாநில அணிக்குத் தேர்வாகின்றனர். கேரளம் அக்கோப்பையை முதன்முதலாக 1973-ஆம் ஆண்டு கொச்சியில் வென்றது. இரயில்வே அணிக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் அணித்தலைவர் மணி மூன்று கோல்களையும் அடித்தார்.

ஏட்டில் ஏறாத ஆட்டம்

கேரளத்தின் வடபகுதியில், குறிப்பாக மலப்புறம் மாவட்டத்தில், செவன்ஸ் என்னும் எழுவர் கால்பந்து பெரும்புகழ் பெற்றது. அறுவடை முடிந்த வயல்களில் மரத்தாலும் மூங்கிலாலும் தற்காலிக இருக்கைகள் அமைக்கப்படும். இரவு விளக்கொளியில் ஆயிரக்கணக்கானோர் திரள்வர். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வீரர்கள் வந்து ஆடுவர். ஆட்டந்தோறும் வீரர்களுக்குப் பணம் கிடைக்கும்.

எனினும் இது ஃபிஃபாவின் ஆட்சிக்குட்பட்ட ஆட்டமன்று. செவன்ஸ் நடத்துவோர் தமக்கெனத் தனி அமைப்பை வைத்துள்ளனர். அதில் எத்தனை கோல் அடித்தாலும் அவை சங்கத்தின் ஏட்டில் இடம்பெறுவதில்லை. ஒப்புதல் பெறாத போட்டிகளில் ஆடும் பதிவுபெற்ற வீரர் நடவடிக்கைக்கும் உள்ளாகலாம்.

வறிய குடும்பத்து இளைஞருக்கு இஃது எளிய தெரிவன்று. மாவட்டக் கீழ்ப்பிரிவுத் தொடரில் பணம் மிகுதியாகக் கிடைப்பதில்லை. செவன்ஸில் இன்றிரவே கிடைக்கிறது. ஆனால், அரசுத்துறைகளிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் விளையாட்டு ஒதுக்கீட்டின் கீழ் பணி நாடும்போது, ஏற்புப்பெற்ற சங்கங்களின் சான்றே கேட்கப்படுகிறது. இன்றைய ஊதியமா, நாளைய சான்றா என்னும் வினா பல வீரர்கள் முன் நிற்கிறது. இளைஞர்களைச் செவன்ஸிலிருந்து விலக்குவதற்குத் தடை மட்டும் போதாது. தொடர்களைக் காலந்தவறாமல் நடத்துவதும், பயணச் செலவுக்கேனும் வழிசெய்வதும் சங்கங்களின் பொறுப்பாகும்.

கரையிலிருந்து உயர்ந்தோர்

திருவனந்தபுரம் நகரின் கடற்கரைப் பகுதியாகிய வெட்டுகாட்டைச் சேர்ந்தவர் ஜோபி ஜஸ்டின். கேரள மாநில மின்வாரிய அணியில் ஆடிய அவர், பின்னர்க் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்துக்குச் சென்றார். 2018-19 ஐ-லீக் பருவத்தில் 9 கோல்கள் அடித்து, இந்திய வீரர்களுள் முன்னிலை பெற்றார். அதன்பின் இந்தியன் சூப்பர் லீக்கில் சென்னையின் எஃப்.சி. அணிக்கும் ஆடினார். எல்லையின் மறுபுறம், கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டி அணியின் வழியாக ஜாம்ஷெட்பூர், கொல்கத்தா அணிகள் வரை உயர்ந்தார்.

இவ்விருவரும் வெவ்வேறு மாநிலச் சங்கங்களின் கீழிருந்த கடற்கரைகளில் பிறந்தவர்கள். இருவரது திறமையும் மணலில் விளைந்தது. ஆனால், மணலில் பதிந்த காலடியை அடுத்த அலை அழித்துவிடும். அத்திறமை தொலைவிலிருந்த கழகங்களுக்குத் தெரிய வந்தது, அவர்கள் தொடர்களில் ஆடி, அவ்வாட்டங்கள் எழுதி வைக்கப்பட்டதால்தான். திடல் வீரரை உருவாக்குகிறது; ஏடு அவரை நாட்டுக்கு அறிமுகம் செய்கிறது. இரண்டும் இணையும்போதுதான் ஊர்க் கால்பந்து வளரும்.

சொற்பொருள்

ஏடு – பதிவேடு
தொடர்முறை – எல்லா அணிகளும் ஒன்றோடொன்று ஆடும் முறை
வெளியேற்றுமுறை – தோற்ற அணி உடனே விலகும் முறை
சமன் – வெற்றி தோல்வியின்றி முடிதல்
சீர்தூக்கி – நன்மை தீமைகளை ஒப்பிட்டு ஆராய்ந்து
தெரிவு – தேர்ந்தெடுத்தல்

பயிற்சி

1. பொழியூர்க் கழகமும் நீரோடிக் கழகமும் எந்தெந்தச் சங்கங்களைச் சாரும்?
2. வீரர்களைப் பதிவு செய்வதால் விளையும் இரு நன்மைகளை எழுதுக.
3. ஆறு அணிகள் தொடர்முறையில் ஒருமுறை ஆடினால் எத்தனை ஆட்டங்கள் நடைபெறும்? வெளியேற்றுமுறையில் எத்தனை?
4. பாடத்தில் உள்ள நான்கு அணிகளின் முடிவுகளைக் கொண்டு புள்ளிப் பட்டியல் ஒன்றை வரைக. இ அணியின் கோல் வேறுபாட்டைக் கணக்கிடுக.
5. பேருந்து பழுதானதால் ஓர் அணி ஒருமணி நேரம் தாமதமாக வந்தது. ஆட்டத்தை நடத்தலாமா, எதிரணிக்கு வெற்றி வழங்கலாமா? நீவிர் சங்கச் செயலராக இருப்பின் எடுக்கும் முடிவைக் காரணத்துடன் பத்து வரிகளில் எழுதுக.
6. உம் பள்ளியில் நடைபெற்ற ஓர் ஆட்டத்தை நடுவராக எண்ணிக்கொண்டு, அதற்குரிய அறிக்கையை எழுதுக.